சாவியில் குடுத்த கரண்ட்

புது ஜீப்புன்னு பேரு, தலையை உள்ள விட எடமில்லை. டேஷ்போர்டுக்கு அடியில மல்லாக்கப் படுத்து, காலு ரெண்டும் கதவுக்கு வெளிய தொங்க, இடுப்புல சீட்டுக் கம்பி குத்த, அம்பத்தி நாலு வயசுல இந்தப் பொழப்பு எனக்குத் தேவையா. தேவைதான். முப்பது வருசமா வண்டிக்குள்ள வயர்லெஸ் செட்டு மாட்டறதைத் தவிர இந்த வெள்ளிங்கிரிக்கு வேற என்ன தெரியும். ஆம்புலன்சு, தீயணைப்பு வண்டி, கரும்பு ஆலை லாரி, எல்லாத்துக்கும் மாட்டியாச்சு. இப்ப இந்த ரேஞ்சு ஆபீசு வாசல்ல, பூவரச மரத்து நெழல்ல, காட்டிலாகாவோட புது ஜீப்புக்கு. பழைய ஜீப்பு அந்தச் செவுத்தோரம் தார்ப்பாய் போத்திக் கெடக்குது. அந்தப் பக்கம் பாக்கக் கூடாதுன்னு காலையில வரும்போதே முடிவு பண்ணிட்டுத்தான் வந்தேன். பாக்கலை. ஆனா இப்புடிப் படுத்துக் கெடந்தா கதவு எடுக்குல வேற ஒண்ணு தெரியுது. ஆபீசு வராந்தா பெஞ்சு, அதுக்குக் கீழ ஒரு சோடி காலு, ஊதாக் கலர் செருப்பு. வாசுகியோட காலு. ஒம்பதரைக்கு வந்து உக்காந்த புள்ள, இன்னும் எந்திரிக்கலை. கன்ட்ரோல் ரூம்புல மைக்கு முன்னால உக்காந்து எட்டு வருசமா ஜீப்பு ஜீப்பாக் கூப்பிட்டுட்டு இருந்தவ, ரெண்டு மாசமா வேலைக்கு வர வேண்டாம்னு நிறுத்தி வெச்சிருக்காங்க. இன்னிக்கு உள்ள மூணு அதிகாரிங்க உக்காந்து விசாரிக்கறாங்க. மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிவு சொல்லிருவாங்களாம். டிரைவர் மாரப்பனை யானை அடிச்ச அன்னிக்கு இவ வயர்லெஸ்ல எச்சரிக்கை குடுத்தாளா இல்லையா, அதான் கேஸு. குடுத்திருக்கா. எனக்குத் தெரியும். அது ஏன் மாரப்பன் காதுக்குப் போகலைங்கறதும் தெரியும். அது தெரிஞ்ச ஒரே ஆளு இங்க படுத்து ஸ்குரூ முடுக்கிட்டு இருக்கறான்.

ஸ்குரூ எறங்க மாட்டேங்குது, எழவு. இந்தக் காலத்து வண்டியில பாதி பிளாஸ்டிக்கு, எங்க துளை போட்டாலும் விரிசல் விடுது. செட்டு மாட்டறதுல பெரிய வித்தை ஒண்ணும் இல்லை. கூரையில ஆன்டெனா நிக்கணும், அதோட வயர் நசுங்காம உள்ள எறங்கணும், செட்டு டிரைவர் கைக்கு எட்டணும், முழங்கால்ல இடிக்கக் கூடாது. கரண்ட்டு நேரா பேட்டரியில இருந்து வரணும். நேரா. ஹாரன் வயர்ல ஒட்டு போடக் கூடாது, லைட்டு வயர்ல கூடாது, சாவி போடற சுவிச்சுல கூடவே கூடாது. வண்டி செத்தாலும் செட்டு பேசணும், அதுக்குத்தானே செட்டு. மாட்டி முடிச்சதும் ஆபீசு பைலுக்கு ஒரு அச்சடிச்ச பாரம் எழுதிக் குடுப்பேன், அதுல 'மின் இணைப்பு: நேரடி பேட்டரி'ன்னு ஒரு வரி வரும். மாரப்பன் ஜீப்புக்கும் அதேதான் எழுதினேன், எழுதும்போது அது நெசம்தான். அப்பறம்தானே அவன் வந்தான், என் கடைக்கு, இடுப்பைப் புடிச்சுட்டு. என் வயசுச் சோட்டுக்காரன், பத்துப் பன்னண்டு வருசமா தெனம் ஒரு டீ என் கடையிலதான். மைக்கு எடுத்தா மொதல்ல உஃப் உஃப்னு ஊதுவான், கோயில் திருவிழாவுல மைக் செட்டுக்காரன் ஊதற மாதிரி, ஊதாதடா எச்சி படுதுன்னு நான் திட்டாத நாள் இல்லை. செட்டை அணைக்க மட்டும் அவனுக்கு நெனப்பே வராது. சாவியை எடுத்துட்டு எறங்கிப் போயிருவான், செட்டு பாட்டுக்கு எரிஞ்சுட்டே கெடக்கும், காலையில பேட்டரி காலி. ரெண்டு வாட்சருங்களும் இவனுமாத் தள்ளணும். வாரத்துல நாலு நாள் தள்ளு. செட்டை அணைச்சுட்டுப் போறதுக்கு ஒனக்கு என்னடா கேடுன்னு கேட்டேன். நெனப்பு வந்தாத்தானே அணைக்கறதுக்குன்னு சிரிச்சான். அப்பறம் சொன்னான், "சாவியத் திருப்புனா செட்டு முழிக்கோணும், சாவிய எடுத்தா செட்டும் தூங்கோணும். அப்புடி ஒண்ணு பண்ணிக் குடு மாப்ள, இடுப்பு போச்சு." பத்து நிமிச வேலை. பேட்டரிக்குப் போன செவப்பு வயரை அவுத்துச் சாவி சுவிச்சுல குடுத்தேன். கூடாதுன்னு தெரிஞ்சேதான் குடுத்தேன். மாப்ளன்னு கூப்பிட்டா எனக்கு எதையும் மறுக்க வராது, கெரகம். பாரத்துல திருத்தவும் இல்லை, இதையெல்லாம் எழுதுனா ரேஞ்சர் கேள்வி கேப்பாரு. அடுத்த வாரம் ஒரு சீப்பு நேந்திரம் பழத்தோட வந்தான். தள்ளற வேலை நின்னு போச்சு மாப்ள, நீ நல்லா இருப்பேன்னான்.

நல்லா இருக்கறேன். தெனம் மூணு வேளை சோறு எறங்குது, சாயங்காலம் கடையைச் சாத்தறேன், கறிக்கு மசாலா பத்தலைன்னுகூட வீட்டுல சண்டை போடறேன். அந்த வயரை மாத்தும்போது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நெனப்பு வந்திருக்கக் கூடாதா. வந்திருக்கணுமே, நானே அவன்கூட ரெண்டு தடவை காட்டுக்குள்ள போனவன்தானே. யானை நடக்கற பாதையில இந்த ஊரு டிரைவருங்க செய்யற வேலை எனக்குத் தெரியாதா. வளைவுக்கு முன்னால வண்டியை நிறுத்துவாங்க, எஞ்சினை அணைச்சுச் சாவியைக் கையில எடுத்துட்டு எறங்கி, கதவைத் தொறந்தபடியே விட்டுட்டு, அசையாம நின்னு மனசுக்குள்ள நூறு எண்ணுவாங்க. எஞ்சின் சத்தத்துல யானை இருக்கறது தெரியாது. சத்தம் இல்லாம நின்னாத்தான் குச்சி ஒடியறது கேக்கும், காது விசிறறது கேக்கும், வயித்துக்குள்ள உருமறதுகூடக் கேக்கும். மாரப்பன் பக்கத்துல நானும் நூறு எண்ணியிருக்கேன், எழுவதுல எனக்கு மூத்திரம் முட்டுச்சு, அவன் உதட்டுல வெரலை வெச்சுட்டுக் கண்ணுல சிரிச்சான். அவ்வளவு நேரமும் செட்டு மட்டும் உள்ள மெல்ல இரைஞ்சுட்டு இருந்துச்சு, அப்ப அது பேட்டரியில இருந்துச்சு. எஞ்சின் நிக்கற அந்த நூறு எண்ணிக்கைதான் செட்டு முக்கியமா முழிச்சிருக்க வேண்டிய நேரம். அதைத்தான் நான் தூங்க வெச்சுக் குடுத்தேன். சின்னப் புள்ளைக்குக்கூடப் புரியற விசயம். எனக்கு அன்னிக்குப் புரியலை. இடுப்பு வலிதான் புரிஞ்சுது.

வயரை மாத்தி மூணு வாரம்கூட ஆகலை. காலையில பத்து நாப்பது. வாழைத் தோட்டத்துக்குள்ள பூந்த ஒத்தை யானையை வெடி போட்டு வெரட்டியிருக்காங்க, அது மெரண்டு தடுப்பணைப் பாதைக்குத் திரும்பிருச்சுன்னு தோட்டத்து ஆளு வாசுகிக்குப் போன் பண்ணிட்டான். அந்தப் பாதையிலதான் மாரப்பன் ஜீப்பு போயிருக்குது, அங்க செல்போனு எடுக்காது. வாசுகி வயர்லெஸ்ல கூப்பிட்டிருக்கா. ஜீப்பு ரெண்டு, ஜீப்பு ரெண்டு, எறங்காதீங்க, திருப்பிட்டு வந்துருங்க. மூணு தடவை. நோட்டுல நேரம் போட்டு எழுதியும் வெச்சிருக்கா. இன்னொரு ஜீப்பு அன்னிக்கு ஒர்க்ஷாப்புல நின்னுச்சு, கைசெட்டு எல்லாம் ஆபீசுல சார்ஜுல கெடந்துச்சு, அவ கூப்பிட்டதைக் கேட்டேன்னு சொல்ல ஒரு நாதி இல்லை. மாரப்பன் வண்டிக்குப் பக்கத்துல நூறு எண்ணிட்டு நின்னிருக்கான். தண்ணி விழற சத்தத்துல யானை வந்தது தெரியலை. கூட இருந்த வாட்சர் ரங்கன் மரத்துல ஏறித் தப்பிச்சான். அவன் பொய் சொல்ற ஆளில்லை, செட்டு கம்முனுதான் இருந்துச்சுன்னு இருந்ததை இருந்தபடி சொன்னான். அதுல மாட்டிக்கிட்டா வாசுகி. தடுப்பணைப் பள்ளத்துல சிக்னல் விழலையோன்னு அதிகாரிங்க வேற செட்டோட அங்கயே போய்ச் சோதிச்சுப் பாத்தாங்க, கணீர்னு விழுந்துச்சு. அப்ப அவ கூப்பிடவே இல்லை, போன்ல யாருகூடவோ பேசிட்டு உக்காந்திருந்துட்டு அப்பறமா நோட்டுல எழுதிட்டான்னு பேச்சு வந்துருச்சு. செட்டை அணைச்சு வெச்சிருப்பான்னு செத்தவனைக் குத்தம் சொல்ல யாருக்கும் மனசில்லை. சாவி எங்க இருந்துச்சுன்னு மட்டும் ஒருத்தன் கேக்கலை. மாரப்பனை எடுக்கும்போது மூடுன கைக்குள்ள இருந்துச்சு. வெரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சுத்தான் எடுத்தாங்க, நான் பக்கத்துல நின்னு பாத்தேன்.

கை வேர்த்து டெஸ்டர் வழுக்குது. எழவு வீட்டுல மாரப்பன் பொண்டாட்டி ராமாத்தா, வாசுகி உள்ள வந்தது தெரிஞ்சதும் பொணத்துக்கிட்ட இருந்து எந்திரிச்சு ஓடி வந்தா. ரெண்டு கையிலயும் வாசல் மண்ணை வாரி அந்தப் புள்ள மூஞ்சியில தூத்துனா. எம்புருசனை முழுங்கிட்டு எந்த மூஞ்சியோட வந்தே, உன் குடி வெளங்குமா, உன் நாக்கு அழுகாதான்னு. அத்தனை சனமும் பாத்துட்டு நின்னுச்சு. வாசுகி மண்ணைக்கூடத் தட்டலை, அப்புடியே நின்னா, கண்ணுல விழுந்த மண்ணு தண்ணியாக் கன்னத்துல வழிஞ்சுது. நான் எங்க இருந்தேன். பந்தக்காலைப் புடிச்சுட்டு நின்னேன். என் மூஞ்சிக்கு வர வேண்டிய மண்ணு அது. ஒரு எட்டு எடுத்து வெச்சிருந்தா போதும், வெக்கலை, காலு வரலை. பயம். கேஸு வரும், போலீசு வரும், முப்பது வருசத்துப் பேரு போகும், எல்லாத்துக்கும் மேல ராமாத்தா என்னைப் பாப்பா. அந்தக் கண்ணால என்னைப் பாப்பா. மூணாம் நாளு ரேஞ்சர் கூப்பிட்டு, யானை மிதிச்சு நசுங்குன ஜீப்புல இருந்து செட்டைக் கழட்டிக் குடுங்கன்னாரு. போனேன். செட்டைக் கழட்டறதுக்கு முன்னால என் கை தன்னால சாவி சுவிச்சுக்குப் போயிருச்சு. அங்க இருந்த செவப்பு வயரை நாலு விரக்கடை வெட்டிச் சட்டைப் பாக்கெட்டுல போட்டேன். யோசிச்சுச் செஞ்சேனா, யோசிக்காமச் செஞ்சேனா, இன்னிக்கு வரைக்கும் எனக்கே தெரியலை. கடைக்கு வந்து துண்டு வயர் டப்பாவுல போட்டேன், அதுக்குள்ள எல்லாம் செவப்பு, இப்ப எதுன்னு எனக்கே தெரியாது. அப்பறம் எழுத்துல கேட்டாங்க, செட்டு எந்த நெலமையில இருந்துச்சுன்னு. 'செட் நல்ல நிலையில் இருந்தது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய்யா அது. செட்டு நல்லாத்தான் இருந்துச்சு. கழட்டிக் கடை பேட்டரியில குடுத்துப் பாத்தேன், சின்னப் பழுதுகூட இல்லை. செட்டு நல்லாத்தான் இருந்துச்சு. பல்லு வெளக்கும்போது இதைத்தான் சொல்லிக்கறேன், பஸ்சுல போகும்போது இதைத்தான், இந்தா இப்பவும் இந்த நட்டு முடுக்கும்போதும் இதைத்தான். செட்டு நல்லாத்தான் இருந்துச்சு.

பேட்டரிப் பக்கம் போகணும். எந்திரிச்சு வெளிய வந்தா கண்ணு கூசுது, வாசுகியைப் பாக்காம இருக்க முடியலை. எளைச்சுப் போயிட்டா. மடியில ஒரு பிளாஸ்டிக் கவரு, உள்ள பேப்பருங்க, அதோட வாயை மடிக்கறா, பிரிக்கறா, மறுபடி மடிக்கறா. என்னைப் பாத்து லேசாத் தலையை ஆட்டுனா. நான் பானெட்டைத் தூக்கி மூஞ்சியை உள்ள விட்டுக்கிட்டேன். பதினஞ்சு நாளைக்கு முன்னால கடைக்கு வந்தா. உக்காரு அம்மிணின்னேன், உக்காரலை. அண்ணா, உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும், ஒண்ணு கேக்கணும்னா. வயரு விசயத்தைக் கண்டுபுடிச்சுட்டான்னுதான் நெனச்சேன். அவ கேட்டது வேற. பட்டனைச் சரியா அழுத்தாமயே, அழுத்துனோம்னு நெனச்சுட்டுப் பேசிர முடியுமான்னு கேட்டா. அவசரத்துல அப்புடிப் பண்ணியிருப்பனோன்னு கேட்டா. அழுத்துன ஞாபகம் இருக்குதாம், ஆனா எல்லாரும் தெனம் கேக்கக் கேக்க இப்ப அந்த ஞாபகமே ஆட்டம் கண்டுருச்சாம். ராத்திரியில கட்டை விரலு தன்னால தலகாணியை அழுத்திட்டுக் கெடக்குதாம். "நான் கூப்பிடவே இல்லையோன்னு எனக்கே தோணுதுங்கண்ணா." அப்ப நான் என்ன சொல்லியிருக்கணும். சொல்லலை. எல்லாம் சரியாப் போயிரும் அம்மிணி, சாமி மேல பாரத்தைப் போடுன்னேன். அவளுக்கு வேலை போறதைவிட இது பெருசுன்னு எனக்குத் தெரிஞ்சுது. நடந்ததையே நடக்கலைன்னு நம்ப ஆரம்பிச்சுட்டா, நான் அவ மனசுக்குள்ள பூந்து அதையும் திருடிட்டேன். அப்புடி இருந்தும் சாமி மேல போடச் சொன்னேன். த்தூ.

செவப்பு பேட்டரியோட பிளஸ்சுக்கு, கறுப்பு மைனசுக்கு. ஃப்யூஸ் போட்டாச்சு. ரெண்டு தடவை இழுத்துப் பாக்கறேன், மூணாவது தடவையும் இழுக்கறேன், இப்ப இழுத்து என்ன ஆகப் போகுது. ரேஞ்சர் வராந்தாவுக்கு வந்து, முடிஞ்சுதுங்களா வெள்ளிங்கிரின்னு கேக்கறாரு. அதிகாரிங்க கெளம்பறதுக்குள்ள புது செட்டையும் சோதிச்சுக் காட்டிரலாம்னாரு. வாசுகிக்கு மாத்தா வந்த பையன் லீவு, மைக்குல உக்கார ஆளில்லை. சட்டுன்னு வாசுகி பக்கம் திரும்பி, நீயே வந்து உக்காரும்மா, ஒரு சோதனைக்குத்தானேன்னாரு. அவரு கெட்டவரு இல்லை, ஆனா எதையும் யோசிச்சுப் பேசற மனுசன் இல்லை. வாசுகி கவரைப் பெஞ்சு மேல வெச்சுட்டு எந்திரிச்சா. நடக்கும்போது முந்தானையில வலது கையைத் தொடைச்சுட்டே போனா. கன்ட்ரோல் ரூம்பு ஜன்னல் வழியாத் தெரியுது, அவ உக்காந்துட்டா, பின்னால மூணு அதிகாரிங்களும் வந்து நிக்கறாங்க, ஒருத்தரு கையில டீ டம்ளர். நான் டிரைவர் சீட்டுல ஏறி எஞ்சினைப் போட்டேன். பழைய ஜீப்போட நம்பரைத்தான் இதுக்கும் குடுத்திருக்காங்க, ஜீப்பு ரெண்டு பேசறேன், சோதனைன்னேன். தெளிவாக் கேக்குதுன்னு சொன்னா. குரலு பழைய குரலுதான், எட்டு வருசத்து வழக்கம், ஆடலை. அடுத்தது எஞ்சினை அணைச்சுட்டுச் சோதிக்கணும். அதையும் செய்யறேன்னு நானே முன்கூட்டிச் சொல்லி வெச்சிருந்தேன், இன்னிக்குத்தான் புத்தி வந்தவனாட்டம்.

அணைச்சேன். சாவியைக் கையில எடுத்தேன். பூவரசுல ஒரு அணில் கத்துது, அப்பறம் அதுவும் நின்னு போச்சு. செட்டுல சின்னதா பச்சை வெளக்கு எரியுது. "ஜீப்பு ரெண்டு, ஜீப்பு ரெண்டு, கன்ட்ரோல் கூப்பிடறேன்." எவ்வளவு பக்கத்துல கேக்குது. கதவு தொறந்து கெடந்து, வெளிய மூணடி தள்ளி ஒருத்தன் நின்னா அவனுக்கும் கேக்கும். இதுதான் அது. இந்தச் சத்தம்தான் அன்னிக்கு வந்துட்டே இருந்துச்சு, அந்தக் காத்து பூரா வந்துட்டே இருந்துச்சு, வந்து எறங்க எடமில்லாமப் போச்சு. மைக்கு கையில இருக்குது, பட்டன்மேல கட்டை விரலு இருக்குது. கேக்குதுன்னு ஒத்தை வார்த்தை சொன்னாப் போதும். வாய் வரலை. "ஜீப்பு ரெண்டு, ஜீப்பு ரெண்டு, கேக்குதுங்களா." ஜன்னல்ல அதிகாரி டம்ளரைக் கீழ வெக்கறாரு, ரேஞ்சர் எட்டி எட்டி என்னைப் பாத்துக் கையை ஆட்டறாரு. டேய் வெள்ளிங்கிரின்னு என்னையே கேக்கறேன், பதில் சொல்லுடா, என்னடா பண்றே, அந்தப் புள்ளையை மறுபடியும் அதே எடத்துல கொண்டு போய் நிறுத்தறே. மூணாவது தடவை கூப்பிடும்போது அவ குரலு நடுவுல ஒடைஞ்சுது. "ஜீப்பு ரெண்டு... நான் பேசறது கேக்கலைங்களா?" ஜன்னலுக்குள்ள அவ மைக்கைத் திருப்பித் தன் கட்டை விரலைப் பாக்கறா. பட்டனை அழுத்தியிருக்கறாளான்னு பாக்கறா. அதுக்கு மேல என்னால முடியலை.

அழுத்துனேன். கன்ட்ரோல், கேக்குதுன்னேன். மூணு தடவையும் கேட்டுச்சுன்னேன். பேச ஆரம்பிச்சதும் குரலு என்னோடது மாதிரியே இல்லை, யாரோ ஆபீசு பாரத்தைப் படிக்கற மாதிரி வருது. "மாரப்பன் ஜீப்புல செட்டோட கரண்ட்டைச் சாவி சுவிச்சுக்கு மாத்திக் குடுத்தது நான். சாவிய எடுத்தா செட்டு செத்துரும். அன்னிக்கு அவன் சாவிய எடுத்துட்டுத்தான் எறங்கி நின்னான். அப்பறம் அந்த வயரை வெட்டி எடுத்ததும் நாந்தான். வாசுகி கூப்பிட்டிருக்கா. அவன் காதுல விழாமப் போனது என்னால. ஓவர்." ஓவர்னு எதுக்குச் சொன்னேனோ, பழக்கம். விரலை எடுத்தேன். டீ குடிச்சவரு வாசலைப் பாத்து நடக்கறாரு, என்கிட்ட வரத்தான், வரட்டும். ராமாத்தாகிட்ட இன்னிக்கே சேதி போயிரும், அந்த மண்ணுக்கு நாளைக்கு நானே போய் மூஞ்சியைக் காட்டணும்.

செட்டு இரைஞ்சுது. வாசுகி. ஜீப்பு ரெண்டுன்னு கூப்பிடலை, கன்ட்ரோல்னு சொல்லலை. "கூப்பிட்டேனுங்கண்ணா. நான் கூப்பிட்டேன்." அவ்வளவுதான். அப்பறம் அழுகை. பெருசா இல்லை, மூச்சு மூச்சா, எட்டு வருசமா அந்த மைக்குல யாரும் அழுது கேட்டிருக்க மாட்டாங்க. நான் மன்னிச்சுரு அம்மிணின்னு சொல்ல மைக்கைத் தூக்குனேன், அழுத்துனேன், போகாது. அவ பட்டனை விடலை. இந்தச் செட்டுல ஒரு நேரத்துல ஒருத்தர் பேச்சுதான் போகும், அந்தப் பக்கம் அழுத்தியிருக்கற வரைக்கும் இந்தப் பக்கம் இருந்து ஒரு வார்த்தையும் போய்ச் சேராது, கேக்க மட்டும்தான் முடியும். மைக்கை மடியில வெச்சுட்டேன். அதிகாரி ஜீப்புக் கதவுகிட்ட வந்து நின்னுட்டாரு. அவ விடற வரைக்கும் கேட்டுட்டு உக்காந்திருக்கேன்.